தோண்டிய மண்ணும் அடம்பங்கொடியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மாநில எல்லை என்பது பெரும்பாலும் தேசப்படத்தில் உள்ள கோடுதான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாம் அக்கோட்டை நாள்தோறும் கடந்து வேலைக்குப் போகிறோம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய் வருகிறோம். கடற்காற்றும் நிலத்தடி ஊற்றும் அக்கோட்டை அறியமாட்டா. ஆதலால் கோட்டுக்கு அப்பால் மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பது நமக்கும் உரிய கேள்வியே.

அக்கேள்வி 2024-ஆம் ஆண்டில் நம் வாசலுக்கே வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களை உட்படுத்தி 1,144 ஹெக்டேர் பரப்பில், அதாவது ஏறத்தாழ 2,800 ஏக்கரில், கனிம மணல் எடுக்கும் திட்டம் பேச்சுக்கு வந்தது. நம் பொழியூரை அடுத்த ஊர் நீரோடி. அதை அடுத்தது கொல்லங்கோடு. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு மிகுந்தமையால் ஒத்திவைக்கப்பட்டது. அப்பொழுது தேநீர்க் கடைகளிலும் கோயில் திண்ணைகளிலும் நாம் கேட்ட பேச்சு இருவகை. “மணலை எடுத்தால் ஊரே போய்விடும்” என்றனர் ஒரு சாரார். “எடுத்த குழியை நிரப்பி மரம் நட்டுத் தந்துவிடுவார்கள், பிறகென்ன?” என்றனர் மற்றொரு சாரார்.

திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. “மரம் நட்டுத் தருவோம்” என்னும் அந்த ஒரு சொல்லின் எடை எவ்வளவு? சுரங்கத்தால் கெட்ட மண்ணைச் செடிகள் மீட்குமா? மீட்குமெனில் எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை காலத்தில்? இவற்றை அறிந்தவனே வாக்குறுதியை அளந்து பார்க்க முடியும். ஆகவே நூல்களிலும் ஆய்வுரைகளிலும் நாம் படித்தறிந்ததையும், கரையோரம் நடந்து கண்டதையும் சங்கத்து அன்பர்களுக்கு இங்கே எழுதுகிறோம்.

கரிமணலின் கதை

நம் கரையில் கரிமணல் எடுப்பது புதிதன்று. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயனர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார் என்பது வரலாறு. அக்காலத்தில் வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் இன்றியமையாதது. மோனசைட்டில் தோரியம் உண்டு. கயிற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். மணல் ஆலையும் எழுந்தது. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் என்னும் அரசு நிறுவனம் தோன்றிற்று. 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கைக்கு வந்தது.

அந்த மணலில் மோனசைட் மட்டும் இல்லை. இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், கார்னெட், சில்லிமனைட் ஆகியனவும் கலந்துள்ளன. இவை சாதாரண வெண்மணலைவிடக் கனமானவை. நீரோடு சுழலவிட்டால் கனத்தது உள்ளே தங்கும். இலேசானது வெளியே போகும். பின்பு காந்தத்தாலும் மின்சாரத்தாலும் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். எஞ்சிய வெண்மணலைக் குழிக்குத் திருப்பிக் கொட்டுகிறார்கள்.

இங்கேதான் செடியின் கதை தொடங்குகிறது. திரும்பி வரும் மணல் போன மணல் அன்று. பல தலைமுறையாக உதிர்ந்த சருகின் மக்கு அதில் இல்லை, நுண்பொடி இல்லை, வேர்களோடு கூடி வாழும் பூஞ்சண இழைகள் இல்லை, உறங்கிக் கிடந்த விதைகளும் இல்லை. மழை பெய்தால் நீர் நில்லாமல் இறங்கிவிடும். காற்று அடித்தால் மணல் பறக்கும். அதாவது கரிமணலோடு மண்ணின் உயிரும் பிரிக்கப்பட்டுவிடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவரும் வேலையே செடியிடம் ஒப்படைக்கப்படுகிறது.

செடி செய்யும் மூன்று வேலை

கெட்ட மண்ணில் செடி செய்யும் வேலையை மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம்: பிடித்தல், ஆக்குதல், உறிஞ்சுதல்.

முதலாவது, பிடித்தல். பறக்கும் மணலையும் தூசியையும் வேரால் கட்டி நிறுத்துவது. இதில் நம் கடற்கரைச் செடிகளுக்கு நிகரில்லை. கடலை நோக்கிய முதல் வரிசையில் ராவணன் மீசை நிற்கும். அதன் முள்முள்ளான விதைப் பந்து காற்றில் உருண்டோடுவதைக் கண்டிராத குழந்தை கரையோரத்தில் இராது. அப்பந்து நின்ற இடத்தில் விதை முளைக்கும். தண்டு மணலுக்குள் ஓடும். மணல் மேலே ஏற ஏறப் புல்லும் ஏறும். அதன் அருகே ஆட்டுக் குளம்பு போன்ற இலையுடைய அடம்பங்கொடி படரும். கொடியின் கணுத்தோறும் வேர் இறங்கும். உப்புக் காற்றும் சுடுமணலும் அதற்கு இயல்பான வாழ்வு. அதன் பின்னே தாழை. அதற்கும் பின்னே புன்னையும் பூவரசும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு உரியனவாகப் பாடிய அடும்பும் தாழையும் புன்னையும் இவையே.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீரோடிப் பக்கம் நடந்தபொழுது, ஒரு வீட்டின் பின்புறத்தில் மணல்மேடு முழுவதும் அடம்பு பூத்துக் கிடந்தது. வலை உலர்த்திக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், “இக்களையை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள், பாட்டி?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “மக்களே, இது களை இல்ல, கடலுக்கு நாங்க கெட்டின வேலி. இதப் பிடுங்கின வீட்டுக்காரன் இப்ப எங்க இருக்கான்னு கேட்டுப் பாரு” என்றார். நூல்களில் பல பக்கம் படித்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது, ஆக்குதல். வெறும் மணலை மண்ணாக்குவது. அவரை இனத்துச் செடிகளின் வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களில் இதை நிறுவினர். நம் உழவர் வயலில் மடக்கி உழும் கொழிஞ்சி அத்தகையது. கடற்கரையில் படரும் காட்டவரையும் அத்தகையது. இவை விளைந்து, உதிர்ந்து, மக்கினால் மணலுக்கு நீரைப் பிடிக்கும் தன்மை சிறிது சிறிதாக வரும். இது ஓராண்டில் முடியும் காரியம் அன்று. மூன்றாண்டில் பச்சை தெரியும். பழைய மண்ணின் வளம் திரும்ப ஒரு தலைமுறையும் ஆகலாம்.

மூன்றாவது, உறிஞ்சுதல். இதைப் பற்றித்தான் மக்களிடையே மிகையான நம்பிக்கை உலவுகிறது. சில செடிகள் மண்ணிலுள்ள உலோகத்தையோ நஞ்சையோ வேரால் இழுத்து இலையில் சேர்ப்பது உண்மையே. பசிபிக் கடலில் நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் உண்டு. அதன் பால் நீலப் பச்சையாக வடியும். அப்பாலை உலர்த்தினால் எடையில் நான்கில் ஒரு பங்கு நிக்கல். 1976-இல் இது வெளியானபோது உலகம் வியந்தது. 2001-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு மருந்தேற்றிய இடத்து நச்சு மண்ணில் வளர்ந்த ஒரு பெரணி, ஆர்செனிக்கைத் தன் இலைகளில் குவித்து வைப்பதைக் கண்டனர். மலையாளத்தில் பன்னல் எனப்படும் இனத்தைச் சேர்ந்த அச்செடி ஆசியாவுக்குச் சொந்தமானது. நம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் அதைக் காணலாம்.

ஆயினும் இங்கே இரண்டு உண்மைகளை மறக்கலாகாது. உறிஞ்சிய நஞ்சு மறைந்துவிடுவதில்லை. அது இலையில் இருக்கிறது. இலையை வெட்டி அப்புறப்படுத்தாவிடில் உதிர்ந்து மீண்டும் மண்ணுக்கே வரும். ஆடு தின்றால் ஆட்டுக்குப் போகும். மேலும் எல்லா நஞ்சையும் செடி உறிஞ்சாது. நம் கரிமணலில் உள்ள தோரியம் நீரில் எளிதில் கரையாதது. ஆகவே வேர் அதை மிகக் குறைவாகவே எடுக்கும். கதிரியக்கத்தை எந்தச் செடியும் அழிக்காது. தோரியம் தன் அளவில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு ஆகும். புன்னை நட்டால் கதிரியக்கம் போய்விடும் என்று எவரேனும் சொன்னால், அவர் அறியாமல் சொல்கிறார். அல்லது அறிந்தே ஏய்க்கிறார்.

அதே வேளையில் வீணான அச்சமும் கூடாது. இயற்கைக் கதிரியக்கம் மிகுந்த கருநாகப்பள்ளிக் கடற்கரையில், திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தார் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் மிகுந்ததாகக் காட்டவில்லை. ஆனால் அது மணல் இருந்தபடி இருந்த இடத்தைப் பற்றிய ஆய்வு என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிரித்தெடுத்தபின் மோனசைட் செறிந்த கழிவு ஓரிடத்தில் சேருமானால் அது வேறு பொருள். அக்கழிவைக் குழியில் இட்டு, மேலே வெண்மணல் மூடிப் பாதுகாக்க வேண்டும். அந்த வேலையைச் செடியின் தலையில் கட்டலாகாது.

கோலார் கற்பிக்கும் பாடம்

நம்மைப் போல் பிழைப்புத் தேடிப் போன தமிழர்களின் ஊர் ஒன்று இதற்குச் சாட்சியாக நிற்கிறது. கன்னட நாட்டுக் கோலார் தங்கவயலில் 1880 முதல் ஆங்கிலக் கம்பெனியார் சுரங்கம் நடத்தினர். வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையை உடைத்தனர். பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள்; பொடியை ஊருக்கு நடுவிலேயே கொட்டினார்கள். அவ்வாறு எழுந்தவையே சயனைடு மேடுகள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, வேலை போயிற்று, மேடு மட்டும் அங்கேயே நின்றது. காற்றுக் காலத்தில் அதன் தூசி தொழிலாளர் குடியிருப்புக்குள் புகுவதை அவ்வூர் உறவினரைக் கேட்டால் சொல்வார்கள்.

அத்தகைய மேட்டில் முதலில் வேண்டுவது, தூசி எழாமல் பிடிக்கும் செடி. அந்த வேலைக்கு உலகம் முழுவதும் பெயர் பெற்றது நம் வெட்டிவேர். இந்தியாவையே தாயகமாகக் கொண்ட இப்புல்லின் வேர் மூன்று மீட்டருக்கும் மேல் நேர் கீழே இறங்கும். உவர், அமிலம், உலோகம் ஆகியவற்றைத் தாங்கும். உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்தி, மேல்தழைக்குக் குறைவாகவே அனுப்பும். ஆஸ்திரேலியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் சுரங்கக் கழிவு மேடுகளில் இதை நட்டுள்ளனர். கோடையில் நாம் பானைத் தண்ணீரில் போடும் வேரை அந்நாட்டார் மலை போன்ற கழிவைக் கட்டப் பயன்படுத்துகின்றனர். எனினும் நச்சு மண்ணில் வளர்ந்த வெட்டிவேரைப் பானையில் போடலாகாது என்று சொல்லவும் வேண்டுமோ!

கோலார் கற்பிக்கும் பாடம் இதுவே: மண்ணை மீட்கும் செலவையும் பொறுப்பையும் தோண்டும்போதே எழுதி வாங்காவிடில், சுரங்கம் மூடியபின் கேட்பதற்கு ஆள் இராது.

ஏன் நம் நாட்டுச் செடி?

“ஏதோ ஒரு மரம் வளர்ந்தால் போதாதா?” என்று கேட்கலாம். தோண்டிய கடற்கரையில் விரைவில் பச்சை காட்டுவது சவுக்கு. அது மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த மரம். விறகுக்கும் காற்றுத் தடைக்கும் அது உதவும், தழைச்சத்தும் சேர்க்கும், அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் ஊசிச் சருகு தரையைப் பாயாக மூடிவிடும். கீழே அடம்பும் புல்லும் எளிதில் தலையெடுப்பதில்லை. வரிசையாக நட்ட சவுக்குத் தோப்பு காடும் அன்று, பழைய மணல்மேடும் அன்று. புயல் அலை வரும்போது கரையின் முன்வரிசையில் மணலைக் கட்டி நிற்பது படரும் கொடியும் புல்லுமே. அந்த இடத்தை உயர்ந்த மரம் நிரப்ப முடியாது. நாட்டுச் செடிகள் ஒன்றுக்கொன்று துணை. புல் பிடித்த மணலில் கொடி, கொடி குளிர்வித்த மணலில் தாழை, தாழை தடுத்த காற்றின் மறைவில் புன்னை. இந்த வரிசையை மாற்றி, வெறும் மணலில் நேரே புன்னையை நட்டால், முதற்கோடையிலேயே பெரும்பகுதி கருகிவிடும்.

ஆதலால் “எத்தனை கன்று நட்டீர்கள்?” என்னும் கேள்வி போதாது. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே எடுத்து எங்கே காப்பீர்கள்?

2. எந்தெந்த நாட்டுச் செடி? அவற்றின் விதையையும் கொடியையும் இவ்விடத்திலிருந்தே முன்கூட்டிச் சேர்த்து நாற்றங்கால் வைத்தீர்களா?

3. நட்டவற்றில் மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடு இருப்பவை எத்தனை?

4. கிணற்று நீரையும் கதிரியக்கத்தையும் தோண்டுமுன்னும் பின்னும் அளந்து ஊராருக்குக் காட்டுவீர்களா?

5. நிறுவனம் போனபின் இப்பொறுப்பு யாருடையது?

இக்கேள்விகளைக் கேட்கும் வாயில் ஒன்று அண்மையில் குறுகிவிட்டது என்பதையும் அன்பர்கள் அறிய வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமம் முதலியவற்றை எடுக்கும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. மோனசைட் அவ்வகையைச் சேர்ந்தது. எனினும் வாயில் முழுவதும் அடைபடவில்லை. 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் நிபந்தனைகளை எவ்வாறு நிறைவேற்றியது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். அவ்வறிக்கை பொது ஆவணம். படிக்கத் தெரிந்த நாலு பேர் உள்ள எந்தச் சங்கமும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். நிபந்தனையில் எழுதியது ஒன்று, கரையில் நிற்பது ஒன்று என்றால் மனு எழுதலாம்.

நம் வாசலில் செய்யத்தக்கவை

பெரிய சுரங்கத்தைப் பற்றிப் பேசுகையில் நம் வாசலில் உள்ள சிறு குழியை மறந்துவிடக் கூடாது. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் செங்கல்லுக்கு மண் எடுத்த வயற்குழிகளையும், பாறை உடைத்து விட்டுச் சென்ற மடைகளையும் நாம் அறிவோம். அவற்றின் கரையில் வாடகைக்குக் குடியிருப்போர் நம்மவருள் பலர். “நமக்கென்ன, நாளை வேறு வீடு” என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் அந்தக் கரை சரிந்தால் முதலில் இடிவது வாடகை வீட்டுச் சுவர்தான். அந்தத் தூசியை உண்பதும் நம் குழந்தைகளே.

வேலை கடினமன்று. சரிவின் குறுக்கே, சம மட்டத்தில், வெட்டிவேர் நாற்றை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நெருக்கி நட்டால் இரண்டு மழைக்குள் வேலியாகி மண்ணைப் பிடிக்கும். பாறைத்தூள் படிந்த இடத்தில் கொழிஞ்சி விதையைத் தூவலாம். கடற்கரையில் உறவினர் உள்ளவர்கள் அடம்பங்கொடியைக் கணுவோடு வெட்டி ஈர மணலில் புதைத்தால் தழைக்கும். புன்னை விதையின் ஓட்டை மெதுவாகத் தட்டி விரிசல் விட்டு ஊன்றினால் விரைவில் முளைக்கும். தாழையைப் பக்கக் கன்றாலேயே பெருக்கலாம். நடுவதற்கு ஏற்ற காலம் இடவப்பாதி மழையின் தொடக்கம். தவறினால் துலா மழை. தூசி படியும் இடத்தில் முருங்கையும் கீரையும் வளர்த்து உண்ண வேண்டாம். அங்கே வேலிச்செடி இருக்கட்டும், கீரைப்பாத்தி அப்பால் இருக்கட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் 1860-இல் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றது. கரையோரத்து மணல்மேடுகளும் அவ்வாறே பாதி அழிந்து, பாதி நின்று கொண்டிருக்கின்றன. இன்னும் தோண்டப்படாத அந்த மேடுகளே நமக்கு விதைப்பெட்டி. அடம்பு, ராவணன் மீசை, தாழை, புன்னை ஆகியவற்றின் தாய்ச்செடிகள் அங்கே இருக்கும்வரைதான் கெட்ட மண்ணை மீட்கும் பேச்சுக்கே பொருள் உண்டு. வரும் மழைக்கு முன் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று விதை சேர்த்து, சங்கத்தின் பின்புறத்தில் சிறு நாற்றங்கால் ஒன்று வைப்போமானால், அது பத்துத் தீர்மானங்களைவிடப் பயன் தரும்.

கரை இருக்கும்போதே விதையைச் சேர்த்துக்கொள்வோம். கரை போனபின் விதைக்கு எங்கே போவது?